டி-கல வாங்கியை இழுத்து அளக்கும்போது எங்கே பிழைக்கிறது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

நோயெதிர்ப்புக் கலமான டி-கலம் வேறொரு கலத்தின் மேல் ஊர்ந்து திரியும்போது, அங்கே எம்.எச்.சி என்ற மூலக்கூறு ஏந்தி நிற்கும் பெப்டைட்டை, அதாவது புரதத்தின் சிறு துண்டை, தன் வாங்கியால் தொட்டுப் பார்க்கிறது. தொட்டுக்கொண்டே இழுக்கவும் செய்கிறது. ஒரு மூலக்கூறில் விழும் அந்த இழுவை ஏறத்தாழ 10 பிக்கோநியூற்றன் அளவு. இழுத்தால் பிணைப்பு சீக்கிரம் அறும் என்றுதான் யாரும் நினைப்போம். 1978 இல் ஜோர்ஜ் பெல் எழுதிய சமன்பாடும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் 2014 இல் ஜோர்ஜியா டெக்கில் செங் ஷூவின் குழு வெளியிட்ட அளவீட்டில், கலத்தைத் தூண்டும் பெப்டைட்டோடு வாங்கி கொண்ட பிணைப்பு, விசை கூடக் கூட முதலில் அதிக நேரம் தாங்கியது. சுமார் 10 பிக்கோநியூற்றனில் உச்சிக்குப் போய், அப்புறம்தான் இறங்கியது. தூண்டில் முடிச்சு இழுக்க இழுக்க இறுகுகிற மாதிரி. இதைத்தான் கேட்ச் பொண்ட் என்கிறோம். தூண்டலுக்கு எதிராக வேலை செய்யும் பெப்டைட்டுகளில் இந்த ஏற்றம் இல்லை; இழுத்தவுடன் ஆயுள் குறைகிற ஸ்லிப் பொண்ட் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், வரைபில் அப்படி ஒரு மேட்டைக் கோளாறுகளாலும் உண்டாக்கலாம். இருக்கும் மேட்டைக் கோளாறுகளால் அழிக்கவும் செய்யலாம். எந்தக் கோளாறு எந்த அறிகுறியைக் காட்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மட்டக்களப்பில் எங்களிடம் இருப்பது ஒரு பயிற்சி மேசை: தலைகீழ் நுணுக்குக்காட்டி, கண்ணாடி நுண்குழாய்கள், நீர் அமுக்கத் தொட்டி, வேகமான ஒரு கமரா. செங்குழியத்தைப் பிடித்து வில்லாகப் பயன்படுத்த இங்கே பழகலாம். டி-கலப் பதிவுகள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து வருகின்றன. அவற்றை இங்குள்ள பிள்ளைகள் பகுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே கீழே மேசைக் கோளாறும் வரும், கணினிக் கோளாறும் வரும்.

கருவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில் இவான் எவன்ஸ் உருவாக்கிய முறை இது. ஒரு நுண்குழாய் செங்குழியத்தை மெதுவாக உறிஞ்சிப் பிடித்திருக்கும். அந்தச் செங்குழியத்தின் உச்சியில் 2 அல்லது 3 மைக்குரோமீற்றர் கண்ணாடி மணி ஒன்று ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும் பயோட்டின், ஸ்ட்ரெப்டவிடின் கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். மணியின் மேல் பெப்டைட்டோடு கூடிய எம்.எச்.சி. எதிர்ப்பக்க நுண்குழாயில் டி-கலம். டி-கலத்தைப் பீசோ என்ற நுண்ணிய நகர்த்தி முன்னே தள்ளி, மணியைத் தொட வைத்து, பின்னே இழுக்கும். பிணைப்பு இருந்தால் மணியும் கூட வரும். மணி எத்தனை நனோமீற்றர் நகர்ந்தது என்பதைக் கமரா பார்க்கும். அதை வில் மாறிலியால் பெருக்கினால் விசை. வில் மாறிலி நனோமீற்றருக்கு 0.3 பிக்கோநியூற்றன் என்றால், 10 பிக்கோநியூற்றனுக்கு மணி 33 நனோமீற்றர் நகர வேண்டும். குறித்த விசையில் பிடித்து வைத்து, அறும்வரை எத்தனை செக்கன் போகிறது என்று பார்ப்பதுதான் ஆயுள் அளவீடு.

அறிகுறி: காலையில் உச்சி 10 இல் நின்றது, பின்னேரம் 8 இல் நிற்கிறது

வரைபின் வடிவம் மாறவில்லை, முழு வரைபும் விசை அச்சில் பக்கவாட்டாக நகர்ந்திருக்கிறது என்றால், மூலக்கூறை விட்டுவிடுங்கள். வில்லைப் பாருங்கள்.

செங்குழியத்தின் வில் மாறிலி மூன்று ஆரைகளிலும் உறிஞ்சும் அமுக்கத்திலும் தங்கியிருக்கிறது. சூத்திரத்தில் மேலே பை (π), நுண்குழாயின் ஆரை, அமுக்க வேறுபாடு மூன்றின் பெருக்கம். கீழே இரண்டின் பெருக்கம்: ஒன்று, 1 இலிருந்து நுண்குழாய் ஆரைக்கும் செங்குழிய ஆரைக்கும் உள்ள விகிதத்தைக் கழித்தது, மற்றது, செங்குழிய ஆரையின் வர்க்கத்தின் நான்கு மடங்கை நுண்குழாய் ஆரையாலும் மணி ஒட்டியிருக்கும் வட்டத்தின் ஆரையாலும் வகுத்து எடுத்த இயற்கை மடக்கை. நுண்குழாய் 1, செங்குழியம் 3, ஒட்டுவட்டம் 1 மைக்குரோமீற்றர் என்று போட்டுப் பாருங்கள். 0.3 வருவதற்கு ஏறத்தாழ 230 பஸ்கால் வேண்டும். அது வெறும் 23 மில்லிமீற்றர் நீர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீர் மட்டம் 1 மில்லிமீற்றர் மாறினால் விசை 4 வீதத்துக்கு மேல் பிழைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மின்விசிறி சுழலும் அறையில், திறந்து கிடக்கும் தொட்டியில் ஒரு பகலில் 5 மில்லிமீற்றர் ஆவியாவது பெரிய விஷயமே இல்லை. உறிஞ்சுவதற்காகத் தொட்டியைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம்; மட்டம் இறங்கினால் உறிஞ்சல் கூடும், வில் விறைக்கும். 0.3 என்று நீங்கள் நம்பும் வில் உண்மையில் 0.36 ஆகியிருக்கும். உண்மையான 10 பிக்கோநியூற்றனைக் கணினி 8 என்று எழுதும். பின்னேரத்து உச்சி 8 இல் நிற்பதற்கு இதுவே போதும்.

என்ன செய்வது? தொட்டிக்கு ஊசித்துளை உள்ள மூடி போடுங்கள். மட்டத்தைக் காலையில் மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு புதிய செங்குழியத்துக்கும் பாருங்கள். பூச்சிய அமுக்கத்தை அளவுகோலில் வாசித்து நம்ப வேண்டாம். நுண்குழாய் வாயருகே மிதக்கும் ஒரு துணிக்கை உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கும் உயரம் எதுவோ, அதுதான் பூச்சியம். நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்களும் கரைசலும் இருக்கும் சிறு அறையின் திறந்த ஓரங்களைக் கனிம எண்ணெயால் மூடுங்கள். இல்லாவிட்டால் கரைசல் செறிந்து, செங்குழியம் நீரிழந்து சுருங்கும். நுண்குழாய்க்குள் நுழைந்திருக்கும் அதன் நாக்கு நீண்டுகொண்டே போவதைக் கண்டால், அந்தச் செங்குழியத்தின் வேலை முடிந்தது. அடுத்ததை எடுங்கள்.

எதிர்த்திசையில், அதாவது உச்சி 12, 13 என்று மேலே போனால், உறிஞ்சல் குறைந்திருக்கிறது. குழாயின் இணைப்பில் கசிவு, அல்லது செங்குத்தாகப் போகும் பகுதியில் காற்றுக்குமிழி.

வில்லைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. மணியை எதையும் தொடாமல் விட்டு, அதன் வெப்ப நடுக்கத்தைப் பதியுங்கள். அறை வெப்பநிலையில் வெப்பசக்தி 4.1 பிக்கோநியூற்றன் நனோமீற்றர். அதை வில் மாறிலியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நடுக்கத்தின் அளவு வரும். 0.3 க்கு அது 3.7 நனோமீற்றர். உங்கள் பதிவில் 3 வந்தால் வில் விறைப்பாக இருக்கிறது, அல்லது கமராவின் திறப்பு நேரம் நீண்டு நடுக்கத்தை மழுக்கிவிடுகிறது. திறப்பு நேரத்தைக் குறைத்துப் பார்த்தால் எது என்று உடனே தெரியும்.

அறிகுறி: எதையும் தொடாமலே மணி மெல்ல நகர்கிறது

மெல்ல ஒரே பக்கமாகப் போனால் வெப்பம். விட்டு விட்டுத் துள்ளினால் அதிர்வு.

ஏசி நின்று நின்று ஓடுவது, நுணுக்குக்காட்டி விளக்கின் சூடு, கறன்ட் போய் வந்த பிறகு எல்லாம் மறுபடி சூடேறுவது, எல்லாமே நுண்குழாய்ப் பிடிகளை நீட்டும், சுருக்கும். கறன்ட் வந்தவுடன் அளக்க உட்காராதீர்கள். நகர்வு அடங்கும்வரை பொறுங்கள். அதிர்வுக்கு முதல் சந்தேகநபர் மேசையில் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வயர், அல்லது கணினியின் விசிறி. திருகோணமலை வீதியில் போகும் லொறி அதற்குப் பிறகுதான். தரைத்தளத்தில் மேசையைப் போட்டால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும்.

இந்தக் கோளாறைச் சின்னது என்று விடக்கூடாது. செக்கனுக்கு 1 நனோமீற்றர் நகர்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 10 செக்கன் நீடிக்கும் பிணைப்பில் அது 3 பிக்கோநியூற்றன் பிழை. 20 இல் பிடித்திருந்தால் தாங்கலாம். 5 இல் பிடித்திருந்தால், விசை அறுந்த எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று கணினி நிரல் நினைத்து, உயிரோடு இருக்கும் பிணைப்பை அறுந்ததாகக் குறித்துவிடும். குறைந்த விசையில் ஆயுள்கள் இப்படிப் பொய்யாகக் குறுகினால், கூடிய விசையின் ஆயுள்கள் தாமாகவே உயரமாகத் தெரியும். பார்த்தீர்களா, ஒரு கேட்ச் பொண்ட் பிறந்துவிட்டது! அதனால் மணியை எதையும் தொடாமல் விட்டு, உங்கள் மிக நீண்ட ஆயுள் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஒரு வெற்றுப் பதிவு எடுக்காமல் குறைந்த விசைத் தரவைத் தொடவே கூடாது என்பது எங்கள் மேசையின் சட்டம்.

அறிகுறி: தொடும்போதெல்லாம் ஒட்டுகிறது

புதிதாக வருபவர்கள் இதைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள். களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர், "அண்ணா, இண்டைக்குப் பத்துக்கு ஏழு பிடிக்குது" என்று சந்தோஷமாகச் செய்தி அனுப்பினார். "அப்ப அதில ஒண்டையும் பாவிக்க ஏலாது தம்பி" என்றுதான் பதில் எழுத வேண்டியிருந்தது.

காரணம், தற்செயலாக நடப்பவை எத்தனை சேர்ந்து வரும் என்று சொல்லும் புவாசோன் கணக்கு. தொடுகைகளில் 20 வீதம் மட்டும் ஒட்டினால், ஒட்டியவற்றில் ஏறத்தாழ 89 வீதம் ஒற்றைப் பிணைப்பு. 50 வீதம் ஒட்டினால் அது 69 ஆகக் குறையும். 70 வீதம் ஒட்டினால் ஏறத்தாழ பாதி இரண்டோ அதற்கு மேலோ பிணைப்புகள் சேர்ந்து பிடித்தவை. இரண்டு பிணைப்புகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் நீண்ட நேரம் தாங்கும். அதைவிட மோசமானது, விசையை ஏற்றும்போது நடக்கும் வடிகட்டல். ஒற்றைகள் ஏற்றத்திலேயே அறுந்துபோக, 15, 20 பிக்கோநியூற்றன்வரை வந்து சேர்பவை பெரும்பாலும் கூட்டுகள். கூடிய விசையில் கூடிய ஆயுள்: மறுபடியும் ஒரு பொய் மேடு.

மணியில் எம்.எச்.சியின் அடர்த்தியைக் குறையுங்கள். தொடுகை நேரத்தைக் குறையுங்கள். அழுத்தித் தொட வேண்டாம். ஒட்டும் வீதம் 20 க்குக் கீழே வரும்வரை ஆயுள் அளக்கத் தொடங்க வேண்டாம். விசைப் பதிவில் ஒரே இறக்கத்துக்குப் பதிலாகப் படிப்படியாக இறங்கினால் அது கூட்டு. ஒதுக்கி, ஒதுக்கியதை எண்ணி வையுங்கள்.

அடர்த்தியைக் குறைத்தும் ஒட்டுகிறது என்றால், ஒட்டுவது நம் வாங்கி இல்லை. மூன்று சோதனை போடுங்கள்: எம்.எச்.சி இல்லாத வெறும் ஸ்ட்ரெப்டவிடின் மணி; சம்பந்தமில்லாத பெப்டைட் ஏந்திய எம்.எச்.சி, வாங்கியை மறைக்கும் பிறபொருளெதிரி. மூன்றிலும் ஒட்டல் மிகக் கீழே விழ வேண்டும். வெறும் மணியே ஒட்டினால், வீண் ஒட்டலைத் தடுக்கக் கரைசலில் போடும் அல்புமின் போதவில்லை, அல்லது மணி பழசு.

அறிகுறி: ஒன்றுமே ஒட்டவில்லை

முதலில் கண்ணால் பாருங்கள்: மணியும் கலமும் ஒரே அச்சில் நேருக்கு நேர் தொடுகின்றனவா, பக்கவாட்டில் உரசிப் போகின்றனவா? குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினால் தெரிந்துவிடும். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேதான். அடுத்து எம்.எச்.சி: உறைய வைத்து உருக்கி உறைய வைத்த புரதத்தில் பெப்டைட் கழன்றிருக்கும். சிறு சிறு பங்காக்கி உறைய வையுங்கள், உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். மணியில் எம்.எச்.சி உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று ஒளிரும் பிறபொருளெதிரி போட்டுப் பாயக் கலஅளவியலில் பார்க்கலாம். அப்புறம் கலம் உயிரோடு இருக்கிறதா என்பது.

அறிகுறி: விசை ஏறாமல் தூரம் மட்டும் நீள்கிறது

இழுக்கும்போது விசை முதலில் நேராக ஏறி, திடீரென்று மட்டமாகி, பீசோ மட்டும் பின்னே போய்க்கொண்டிருந்தால், நீங்கள் இழுப்பது மென்சவ்வை. வாங்கியைச் சுற்றியுள்ள மென்சவ்வு உள்ளிருக்கும் குழியவன்கூட்டிலிருந்து உரிந்து, மெல்லிய நூலாக நீள்கிறது. பிணைப்பு அறவில்லை, ஆனால் அதன் மேல் விழும் விசை நீங்கள் நினைத்தபடி ஏறவும் இல்லை.

இதில் ஏமாற்றுவது பிடிப்புக் கட்டம். பின்னூட்டம் விசையை 10 இல் வைத்திருக்கப் பாடுபடுவதால் விசை வரைபு ஒரு குறையும் இல்லாமல் நேர்கோடாக இருக்கும். விசை வரைபை மட்டும் பார்த்தால் ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பக்கத்தில் பீசோவின் நிலையையும் வரையுங்கள். உண்மையான பிடிப்பில் அதுவும் ஏறத்தாழ ஓய்ந்து நிற்கும். நூல் நீள்வதில் அது ஒரே சாய்வில் பின்னே போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவற்றைத் தனிக் கோப்பில் போடுங்கள். மற்ற ஆயுள்களோடு கலக்காதீர்கள், அழிக்கவும் வேண்டாம். எந்த விசையில் எத்தனை என்பது பிறகு கட்டாயம் தேவைப்படும்.

அறிகுறி: சராசரி ஆயுள் நாளுக்கொன்று

அட்டவணையின் கடைசி நிரலைத் திறந்து பாருங்கள். அண்மையில் வந்த ஒரு கோப்பில் ஆயுள்கள் 0.12, 0.31, 0.08 என்று வரிசையாகப் போக, சில வரிகளுக்கு எதிரே குறிப்பு நிரலில் "வடிவா இல்லை" என்று மட்டும் எழுதி, கணக்கிலிருந்து எடுத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை மிகக் குறுகிய ஆயுள்கள். குறுகிய ஆயுள் எப்போதும் வடிவாக இருக்காது; பிடிப்பு தொடங்குவதற்குள் முடிந்துவிடும் பதிவில் வடிவு எங்கிருந்து வரும்? அவற்றை எடுத்தால் சராசரி ஏறும், அதுவும் எல்லா விசையிலும் ஒரே அளவாக ஏறாது.

நீண்ட முனையில் எதிர்ப்பிழை. பொறுமையிழந்து 10 செக்கனில் நிறுத்திய பிணைப்பை "10" என்று எழுதுகிறார்கள். அது 10 இல்லை, "குறைந்தது 10". இடையில் நிறுத்தியவற்றை அப்படியே குறித்து, உயிர்வாழ்வுப் பகுப்பில் வைத்தியர்கள் செய்வதுபோலக் கையாள வேண்டும். செய்யாவிட்டால் ஆயுள் எங்கே அதிகமோ அங்கேதான் இழப்பும் அதிகம். உண்மையான உச்சி தட்டையாகிவிடும்.

சராசரியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நேரத்திலும் இன்னும் அறாமல் இருக்கும் பங்கின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரையுங்கள். ஒரே வகைப் பிணைப்பென்றால் நேர்கோடு. சாய்வுதான் அறும் வேகம். கோடு வளைந்தால் இரண்டு வகை கலந்திருக்கிறது. முந்திய அறிகுறிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

உச்சி உண்மையா என்ற கேள்விக்கு வழுவைப் பாருங்கள். ஆயுள்கள் அடுக்குக்குறிப் பரம்பலில் இருப்பதால், சராசரியின் நியம வழு என்பது சராசரியை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. ஒரு விசைக்கு 25 ஆயுள் இருந்தால் வழு 20 வீதம். அந்த நிலையில் பக்கத்துப் புள்ளியைவிட 20 வீதம் உயர்ந்த புள்ளியை உச்சி என்று சொல்ல முடியாது. நூறு எடுங்கள், 10 வீதத்துக்கு வரும்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இந்த வரைபுகள் இப்போது சிகிச்சைக்குள் போகின்றன. புற்றுநோய்க்கு எதிராக மேஜ்-ஏ3 என்ற இலக்கை இறுகப் பிடிக்கும்படி மாற்றிய ஒரு வாங்கி, இதயத்தசையில் உள்ள டைட்டின் புரதத்தின் பெப்டைட்டையும் பிடித்ததால் இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். 2013 இல் அது வெளியானது. நாட்டத்தை, அதாவது வாங்கி இலக்கை இறுகப் பிடிக்கும் அளவை, ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து என்பதால், நாட்டத்தைத் தாழ்வாகவே வைத்து கேட்ச் பொண்டை மட்டும் கூட்டிய வாங்கிகளை 2022 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அப்படியானால் எந்த வாங்கி மேலே போக வேண்டும் என்பதற்கு இந்த மேடும் ஒரு சான்றாகிறது. "வடிவா இல்லை" என்று எடுத்த வரிகள் அங்கே போய்த்தான் நிற்கும்.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தும் உச்சியே வரவில்லை

அது கோளாறாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2019 இல் பிரான்சின் லிமோசானும் கூட்டாளிகளும், கலமே இல்லாமல், தூய்மையாக்கிய வாங்கியையும் எம்.எச்.சியையும் வைத்து, நீரோட்ட முறையில் அளந்தார்கள். கேட்ச் பொண்ட் தெரியவில்லை. உயிருள்ள கலத்தில் அளந்தவர்களுக்கு வருகிறது. ஒரு பக்கம் பொய் என்று முடிவெடுப்பதற்கு முன் வேறுபாடுகளை வரிசையாகப் பாருங்கள்: கலத்தில் இருக்கும் வாங்கிக்குத் துணையாக மென்சவ்வும், வாங்கியோடு சேர்ந்திருக்கும் சிடி3 புரதச் சங்கிலிகளும் உண்டு, விசை ஏறும் வேகம் வேறு, எம்.எச்.சியை எந்த முனையில் கட்டியிருக்கிறது, எந்தத் திசையில் இழுபடுகிறது என்பதும் வேறு.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பெப்டைட் என்பதையும் பாருங்கள். எதிர்ப் பெப்டைட் என்றால் ஸ்லிப் பொண்ட் வருவதே எதிர்பார்ப்பு. தெரிந்த தூண்டு பெப்டைட் ஒன்றை அதே நாளில், அதே மணித் தொகுதியில், அதே கலங்களோடு அளந்து பக்கத்தில் வையுங்கள். அதில் உச்சி வந்து உங்களுடையதில் வரவில்லை என்றால் அதுவே முடிவு, அப்படியே எழுதுங்கள். அதிலும் வரவில்லை என்றால் நீர் மட்டத்துக்குத் திரும்புங்கள். இரண்டில் எது என்றாலும், ஒதுக்கியவை எத்தனை, கூட்டு எத்தனை, நூல் நீண்டவை எத்தனை, இடையில் நிறுத்தியவை எத்தனை என்று விசை வாரியாக ஒரு அட்டவணை போட்டு, மூலப் பதிவுகளோடு சேர்த்து அனுப்புங்கள்.